முள் தாண்டிய கொசுறு

என் வீட்டுக்காரருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. குடி, சீட்டு என்று ஏதாவது இருந்திருந்தால் ஒரே மூச்சில் சண்டை போட்டு ஒரு முடிவு கட்டியிருப்பேன். இவருக்கு இருந்ததோ கொசுறு போடுகிற பழக்கம். அதை வைத்துக்கொண்டு யாரிடம் போய் நியாயம் கேட்பது?

சந்தைக் கட்டடத்தின் மூலையில் எங்கள் காய்கறிக் கடை இருந்தது. தராசு அவர் பொறுப்பு, கல்லாப்பெட்டி என் பொறுப்பு. உத்தரத்தில் ஒரு வட்டத் தராசு தொங்கும். அதன் தட்டில் தக்காளியைக் கொட்டுவார். முள் ஒரு கிலோவைத் தாண்டிப் போய் நிற்கும். "ஒண்ணூ!" என்று ராகம் போட்டுக் கத்துவார். தாண்டின அளவு வாங்க வந்தவர்களுக்கு. அது போதாதென்று பையில் இரண்டு எலுமிச்சம்பழத்தையும் போடுவார்.

"என்னங்க ஒண்ணு?" என்பேன் நான் கல்லாவில் இருந்து.

"இருக்கட்டும் மேனேஜர், போயிட்டுப் போகுது" என்பார் அவர், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

வாடிக்கையாளர்கள் சிரிப்பார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சில்லறையை எண்ணுவேன். கடை வைத்த நாளில் இருந்து மூடிய நாள் வரைக்கும் எங்களுக்குள் நடந்த பேச்சுவார்த்தை என்றால் பெரும்பாலும் இதுதான். அவர் முகம் தெருவைப் பார்த்து இருக்கும், நான் அவர் முதுகைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். வீட்டுக்கு வந்தால் சாப்பாடு, அப்புறம் தூக்கம். பிள்ளையை வளர்த்தோம், வேறு ஊருக்கு வேலைக்கு அனுப்பினோம். எப்படியோ காலம் ஓடிவிட்டது. புருஷன் பெண்டாட்டி என்றால் இவ்வளவுதான் போலிருக்கிறது என்று நானும் இருந்துவிட்டேன்.

அப்புறம் சர்க்கரை வியாதி என் இரண்டு சிறுநீரகத்தையும் தின்று தீர்த்தது. ஒரு கண்ணையும் மங்கலாக்கிவிட்டது.

டாக்டர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் நிலையத்துக்குப் போய், கையில் ஊசி குத்தி, ரத்தத்தை மெஷினுக்குள் ஓடவிட்டுச் சுத்தம் செய்வது. இன்னொன்று, வீட்டிலேயே செய்வது. வயிற்றுக்குள்ளே குடலைச் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறதாம். தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரு குழாய் வைத்து, அதன் வழியாகச் சர்க்கரைத் தண்ணீரை உள்ளே விட்டால், அந்தச் சவ்வு வழியாக ரத்தத்தில் இருக்கும் அழுக்கும் அதிகப்படித் தண்ணீரும் அதில் வந்து சேரும். சில மணி நேரம் கழித்து அதை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். தினம் நான்கு தடவை.

"வீட்டுலயே செய்றோம் டாக்டர்" என்றார் இவர், என்னைக் கேட்காமலே. "நான் பார்த்துக்கறேன்."

உருளைக்கிழங்கு மூட்டையைத் தவிர எதையும் பார்த்துக்கொண்டதில்லை இந்த மனுஷர். எனக்கு நம்பிக்கையே இல்லை. ஆனால் ஆஸ்பத்திரி சிஸ்டர் சொல்லிக் கொடுத்ததைச் சின்னப் பிள்ளை மாதிரி உட்கார்ந்து கற்றுக்கொண்டார். பிள்ளை இருந்த அறையை ஒழித்து, சர்க்கரைத் தண்ணீர்ப் பைகள் வந்த பெட்டிகளை அடுக்கினார். பழைய தேதி முன்னால், புதுத் தேதி பின்னால், அசல் கடை மாதிரி. ஒவ்வொரு பையையும் எடுத்துத் திருப்பி, அமுக்கி, கசிகிறதா என்று பார்ப்பார். தக்காளி பொறுக்கின விரல்தானே, அதற்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

வேளை வந்ததும் ஜன்னலைச் சாத்துவார், ஃபேனை நிறுத்துவார். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவார். இரண்டு பேரும் முகக்கவசம் மாட்டிக்கொள்வோம். சுடவைத்த புதுப் பை மேலே துணி மாட்டும் கொக்கியில் தொங்கும், காலிப் பை கீழே தரையில் கிடக்கும். குழாயை மாட்டித் திறந்தால், வயிற்றில் இருக்கும் தண்ணீர் மெதுவாகக் கீழே இறங்கும். அது முழுக்க வடிந்து, புதுசு உள்ளே போய் முடிய அரை மணி நேரம் ஆகும். அதுவரை அவர் அசையக்கூடாது, நான் நகரக்கூடாது, கதவைத் தட்டி யாரும் உள்ளே வரவும் கூடாது.

எதிரும் புதிருமாக இரண்டு நாற்காலி. கல்யாணம் ஆனதில் இருந்து முதல் முறையாக அவர் முகத்தை நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன், அதுவும் பாதி முகக்கவசத்துக்குள்.

ஆரம்பத்தில் என்ன பேசுவதென்று தெரியவில்லை. பிறகு மனுஷர் பேச ஆரம்பித்தார், பேசினால் வாய் ஓயவில்லை. எந்த வாடிக்கைக்காரியின் மாமியார் எப்படி, மொத்த வியாபாரி எந்தக் கூடையில் அழுகலை அடியில் வைப்பான், நான் முறைக்கும்போது என் மூக்கு எப்படி விடைக்கும் என்பது வரைக்கும் எல்லாம் வந்தது. வடிந்த தண்ணீர் தெளிவாக இருக்கிறதா, கலங்கியிருக்கிறதா என்று பார்க்க, பையைச் செய்தித்தாளின் மேல் வைத்து, அதன் வழியாக எழுத்துத் தெரிகிறதா என்று படிப்பார். கலங்கல் என்றால் கிருமி என்று அர்த்தம். அன்றைக்கு எந்தப் பக்கம் அகப்பட்டதோ அந்தச் செய்திதான் எனக்கு. பாதி நாள் மெத்தை விளம்பரம்.

"சரக்கு இன்னைக்குக் கண்ணாடியாட்டம் இருக்கு மேனேஜர். 'சாய்ந்தால் தூக்கம்'ங்கறது வரைக்கும் தெளிவாத் தெரியுது."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். என் சிறுநீரகம் போனதால்தான் என் புருஷன் எனக்குக் கிடைத்தார்.

இப்படியே சில வருஷங்கள் போயின. காலையில் என்னை முடித்துவிட்டுக் கடைக்குப் போவார், மதியம் ஓடி வருவார், மறுபடி ஓடுவார். போன வருஷம் அவருடைய முட்டி இனிமேல் ஓட முடியாதென்று சொல்லிவிட்டதால் கடையை மூடினோம். எல்லாவற்றையும் விற்றவர் அந்த வட்டத் தராசை மட்டும் விற்கவில்லை. சாக்கில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து பரணில் போட்டார். நானும் போனால் போகிறதென்று விட்டேன்.

வடிகிற தண்ணீரை ஒவ்வொரு தடவையும் எடை போட வேண்டும். உள்ளே விட்டது இரண்டு லிட்டர் என்றால், வெளியே அதைவிடக் கூட வர வேண்டும். அந்தக் கூடுதல்தான் உடம்பில் தேங்கியிருந்த தண்ணீர். அதற்காக ஆஸ்பத்திரியில் எண் காட்டும் ஒரு சின்னத் தராசு கொடுத்திருந்தார்கள். ஒரு நாள் அது குளியலறை வாளிக்குள் விழுந்து உயிரை விட்டது. இவர் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். அடுத்த நிமிஷம் பரணில் ஏறிவிட்டார், முட்டி வலியெல்லாம் எங்கே போனதோ.

"வேற தராசு அனுப்பறேன்ப்பா" என்றார் சிஸ்டர் ஃபோனில்.

"எதுக்கு சிஸ்டர்? கடைத் தராசே இருக்கு. முத்திரை போட்ட தராசு. கிராம் பிசகாது."

குளியலறை நிலைக்கு மேலே ஆணி அடித்து மாட்டினார். அது என் நாற்காலிக்குப் பின்பக்கம். நான் குழாயோடு உட்கார்ந்திருப்பதால் திரும்பிப் பார்க்க முடியாது. காதில் மட்டும் கேட்கும். பையை மாட்டுகிற சத்தம், கொக்கி கிறீச்சிடுகிற சத்தம், அப்புறம் பழைய ராகம்: "ரெண்டூ!"

எனக்கு அதைக் கேட்டதும் உடம்பெல்லாம் ஒரு சிலிர்ப்பு. கடை திரும்பி வந்துவிட்ட மாதிரி இருந்தது. அதே குரலில் ஃபோனை எடுத்து சிஸ்டருக்கும் பேசி அனுப்பிவிடுவார்: "சிஸ்டர், மதியம் ரெண்டு."

இரண்டு மூன்று வாரத்தில் சிஸ்டர் கூப்பிட்டார்.

"அம்மா, ரெண்டு உள்ள போயி ரெண்டே வெளிய வந்தா எப்படி? தண்ணி உடம்புலயே நிக்குதே. மஞ்சள் மூடிப் பையை விட்டுட்டு பச்சை மூடி போடுங்க."

மஞ்சள் மூடி என்றால் சர்க்கரை குறைவு. பச்சையில் கொஞ்சம் அதிகம், சிவப்பில் மிக அதிகம். சர்க்கரை கூடக் கூடத் தண்ணீரை அதிகமாக இழுக்கும். பச்சை போட்டும் முக்கால்வாசி வேளை "ரெண்டூ!" தான், எப்போதாவது "ரெண்டேகால்!" என்று வரும். டாக்டரைப் போய்ப் பார்த்தோம்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். நிதானமாக, நம் முகத்தைப் பார்த்துப் பேசுவார்.

"உங்க வயித்துச் சவ்வுக்கு வயசாகுதும்மா. உங்களுக்கும் வயசாகுது, அதுக்கும் வயசாகுது. அதுமேல இத்தனை வருஷமா சர்க்கரைத் தண்ணியிலயே ஊறிட்டிருக்கு. தடிச்சுப் போகும். அதுல சின்னச் சின்ன ரத்தக்குழாய் நிறைய முளைச்சிடும். அப்புறம் நாம ஊத்தற சர்க்கரையை அது மளமளன்னு ரத்தத்துக்குள்ள விட்டுடும். சர்க்கரை போயிட்டா தண்ணியை இழுக்க ஆளில்ல."

"அப்ப இது இனிமே ஆகாதா?" என்று கேட்டேன்.

"சிவப்பு மூடி கொஞ்ச நாள் போட்டுப் பார்ப்போம். அது கடைசி வழி. அதிகமாப் போட்டா சவ்வு இன்னும் சீக்கிரம் கெடும். அடுத்த மாசம் ஒரு டெஸ்ட் செய்வோம். எதுக்கும் கையில ரத்தக்குழாயைச் சேர்த்துத் தைக்கற ஆபரேஷனுக்கு ஒரு தேதி போட்டு வைக்கறேன். மெஷினுக்கு மாறணும்னா அது வேணும்."

எடை பார்த்தபோது நான் கொஞ்சம் இளைத்துத்தான் இருந்தேன். சரியாகச் சாப்பிடவில்லை போலிருக்கிறது என்று எழுதிக்கொண்டார்கள்.

ஊசிக்கு நான் பயந்தவள் இல்லை. நிறைய குத்தியாயிற்று. அந்த மெஷின் அறையை எட்டிப் பார்த்திருக்கிறேன். வரிசையாகக் கட்டில்கள், பக்கத்தில் மெஷின்கள். கூட வந்தவர்கள் வெளியே பெஞ்சில் காத்திருக்க வேண்டும், உள்ளே விடமாட்டார்கள். நான் உள்ளே, அவர் வெளியே, நடுவில் ஒரு கண்ணாடிக் கதவு. மறுபடியும் அவர் முதுகுதான் எனக்கு. இதை நினைத்து நான் அழுதேன் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். அழுதேன்.

சிவப்பு மூடி வந்தது. இவர் கண்கொத்திப் பாம்பாக என்னைக் காவல் காத்தார். தண்ணீர் உடம்பில் தேங்குகிறதே என்ற பயத்தில், நான் குடிக்கிற தண்ணீரை அரை டம்ளராகக் குறைத்தார். என் எதிரில் அவரும் குடிப்பதை விட்டுவிட்டார். சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய் மடக் மடக்கென்று குடிப்பது எனக்குக் கேட்கும்.

"ஒரு வாய் குடுங்க."

"டாக்டர் என்ன சொன்னாங்க? உள்ள போறது எதுவும் வெளிய வரமாட்டேங்குது, மேனேஜர்."

நாக்கு வறண்டது. காலில் சதை பிடித்து இழுத்தது. எழுந்து நின்றால் கண் இருட்டியது. ஒரு நாள் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டே சரிந்துவிட்டேன். அவர் வந்து தாங்கிப் பிடித்தார், அந்த முட்டியோடு. என்னை அப்படியே தரையில் உட்காரவைத்து, அவரும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னை விட்டுட்டுப் போயிடாதே" என்றார்.

இந்த மனுஷர் வாயில் இருந்து இப்படி ஒரு வார்த்தை வரும் என்று நான் நினைத்ததே இல்லை. "எங்க போறது, கல்லாச் சாவி என்கிட்டதானே இருக்கு" என்று சமாளித்தேன்.

மறுநாளே சிஸ்டர் வரச் சொன்னார். என்னை எடை மெஷினில் ஏற்றினார், பிரஷர் பார்த்தார், கணுக்காலை அமுக்கிப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார்.

"எனக்கு ஒண்ணும் புரியலம்மா. அப்பா அனுப்பற கணக்குப்படி பார்த்தா உங்க காலெல்லாம் பூசணிக்காயாட்டம் வீங்கியிருக்கணும். இது குச்சியா இருக்கு. பிரஷர் தரையில கிடக்குது. உடம்புல தண்ணியே இல்ல."

"தண்ணி வெளிய வரலையே சிஸ்டர்" என்றார் இவர்.

"கொண்டுவரச் சொன்னதெல்லாம் கொண்டுவந்தீங்களா? வீட்டுல எப்படிச் செய்றீங்களோ, ஒண்ணு விடாம என் எதிர்ல செஞ்சு காட்டுங்க. எங்கயோ தப்பு நடக்குது."

சாக்கில் இருந்து தராசை எடுத்து ஜன்னல் கம்பியில் மாட்டினார். நான் ஜன்னல் ஓரத்து நாற்காலியில் இருந்தேன். கை கழுவினார், முகக்கவசம் மாட்டினார், குழாயைச் சேர்த்தார். சிஸ்டர் ஒவ்வொன்றையும் உற்றுப் பார்த்தார். ஒரு பிசகும் இல்லை. "கிளாஸ் எடுக்கலாம் போல செய்றீங்களேப்பா" என்று வாய்விட்டே சொன்னார். இவருக்குச் சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை.

வடிந்து முடிந்தது. பையின் வாயை மூடி, கொண்டுபோய் தராசில் மாட்டினார். கடையை மூடிய பிறகு அந்தத் தராசின் முகத்தை நான் கிட்டத்தில் பார்த்தது அன்றைக்குத்தான். ஒரு கண் மங்கல் என்றால் என்ன? இத்தனை காலம் கல்லாவில் இருந்து பார்த்துப் பார்த்துச் சலித்த முகம் அது. முள் இரண்டில் நிற்கவில்லை. இரண்டைத் தாண்டி, இரண்டேகாலையும் தாண்டிச் சாய்ந்து நின்றது.

"ரெண்டூ!" என்றார் இவர்.

என் வாய் தானாகத் திறந்தது. "என்னங்க ரெண்டு?"

"இருக்கட்டும் மேனேஜர், போயிட்டுப் போகுது" என்றார், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

சிஸ்டர் முள்ளைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். இவர் மெதுவாகத் திரும்பித் தராசைப் பார்த்தார். தான் என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் அவர் காதிலேயே விழுந்தது.

சிஸ்டர் பையைக் கழற்றி ஆஸ்பத்திரித் தராசில் வைத்தார். "ரெண்டு கிலோ முந்நூறு" என்றார். "தினமும் நாலு வேளையும் இப்படியா சொல்லிட்டிருந்தீங்க?"

பதிலுக்கு இவர் பக்கத்தில் இருந்த ஸ்டூலைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார்.

நான்தான் சிஸ்டருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். கடை, தராசு, கொசுறு, முள் தாண்டினதைக் கணக்கில் சேர்க்காத பழக்கம், எண் காட்டின தராசு வாளியில் விழுந்தது, பரணில் இருந்து இது இறங்கினது. சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு நிற்கவில்லை. நின்றபோது பார்த்தால் கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

விஷயம் கேட்டு டாக்டரும் வந்தார். திட்டவில்லை. முதலில் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். முழு டம்ளர்.

"எடையைத் தப்பாச் சொன்னதால சவ்வுக்கு வயசாகலன்னு அர்த்தம் இல்ல" என்றார். "காட்டமான பையும் ஒரு மாசமா ஊத்தியிருக்கோம். அதனால அந்த டெஸ்டை இன்னைக்கே செஞ்சிடுவோம். என்ன நிலைமைன்னு அதுதான் நிஜமாச் சொல்லும்."

டெஸ்ட் என்றால், அளவாகத் தண்ணீரை உள்ளே விட்டு நான்கு மணி நேரம் வைத்திருந்து, நடுநடுவே அதில் கொஞ்சமும் ரத்தத்தில் கொஞ்சமும் எடுத்துப் பார்ப்பார்கள். அந்த நேரம் முழுக்க ஆஸ்பத்திரித் தாழ்வாரத்து பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். வாய் ஓயாத மனுஷர் கல் மாதிரி இருந்தார். மடியில் சாக்கு, சாக்குக்குள் தராசு.

"தெருவுக்கெல்லாம் கூடக் கூடப் போட்டேன்" என்றார் கடைசியில். "உனக்குப் போய்க் குறைச்சிட்டேனே. என் கையாலயே உன்னை வறட்டிப் போட்டுட்டேன்."

எனக்குக் கோபம் இல்லையா என்றால், இருந்தது. அந்த அரை டம்ளர் தண்ணீரை என்னால் இன்றைக்கும் மறக்க முடியாது. ஆனால் கதவுக்குப் பின்னால் ஒளிந்து தண்ணீர் குடித்தவரிடம் எவ்வளவு நேரம்தான் கோபமாக இருப்பது?

"ஒரே ஒரு சந்தேகம்" என்றேன். "கடையில போட்ட கொசுறு ஜனங்களுக்குப் போச்சு. என் வயித்துல இருந்து எடுத்த கொசுறை யாருக்குப் போட்டீங்க?"

யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

"கக்கூஸ்லதான் கொட்டினேன்."

"உலகத்துலயே கக்கூஸுக்குக் கொசுறு போட்ட ஆள் நீங்க ஒருத்தர்தான்."

அவருக்குச் சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. எதிரே போன ஒரு அம்மாள் நின்று எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

டெஸ்ட் முடிவு வந்ததும் மறுபடி டாக்டர் எதிரில் உட்கார்ந்தோம். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார், பொது இடத்தில். இப்படி வேறு என்றைக்கு நடந்திருக்கிறது?

"வயசாயிருக்கு. அது பொய் இல்ல" என்றார் டாக்டர். "சர்க்கரையை முன்னைவிட வேகமாத்தான் உள்ள இழுக்குது. ஆனா ஓய்ஞ்சு போகல. இன்னும் வேலை செய்யற சவ்வுதான்."

"மெஷின்?" என்றேன்.

"இப்போதைக்கு வேணாம். ஆபரேஷன் தேதியை எடுத்துடலாம். என்னைக்காவது தேவைப்படும், அதனால இடது கையில மட்டும் யாரையும் ஊசி குத்த விடாதீங்க. மறுபடி மஞ்சளும் பச்சையும் போதும். சிவப்பைத் தொடவே வேணாம்."

இவர் கேட்டார்: "எவ்வளவு நாளைக்கு ஓடும் டாக்டர்?"

"அதைத் துல்லியமாச் சொல்ல முடியாதுப்பா. ஒரு வருஷம் ஓடும்னு வச்சுக்கலாம்."

என் கையைப் பிடித்திருந்த பிடி இறுகியது.

"கொஞ்சம் கொசுறு போட்டுச் சொல்லுங்க டாக்டர்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மொத்த வியாபாரி நிறுத்துப் போட்டதற்கு மேல் ஒரு நாளும் கூடக் கேட்டதில்லை இவர். கடையை விற்றபோதும் வந்தவன் சொன்ன விலைக்குத் தலையாட்டினவர். யாரிடமும் எதையும் கூடக் கேட்டு நான் பார்க்காத மனுஷர், எனக்காக ஒரு சின்னப் பெண்ணிடம் கை ஏந்துகிறார்.

டாக்டர் சிரிக்கவில்லை. "நானும் உங்களை மாதிரிதான்ப்பா" என்றார். "கீழ இருக்கற கோட்டைத்தான் சொல்லியிருக்கேன். முள் அதைத் தாண்டி நின்னா, அது உங்களுக்கு."

இவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

"ஒரே ஒரு சிரமம் இருக்கு" என்று டாக்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "சவ்வு சர்க்கரையைச் சீக்கிரம் இழுத்துடுது இல்லையா? அதனால தண்ணியை ரொம்ப நேரம் உள்ள விட்டு வைக்கக் கூடாது. சீக்கிரம் சீக்கிரம் மாத்தணும். இனிமே தினம் நாலு தடவை போதாது, அஞ்சு தடவை செய்யணும். ரெண்டு பேருக்கும் கஷ்டம்தான், எனக்குத் தெரியுது."

எனக்கு எழுந்து அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. "பரவாயில்லம்மா, சமாளிச்சுக்கறோம்" என்று மட்டும் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் எண் காட்டும் புதுத் தராசு கொடுத்தார்கள். வட்டத் தராசு மறுபடி பரணுக்குப் போனது. முதல் நாள் இவர் அந்தச் சின்ன எண்களைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி ஒப்பித்தார்.

"ரெண்டு கிலோ. நூத்தித் தொண்ணூத்தி நாலு கிராம்."

"ராகம் எங்க போச்சு?"

"வேணாம் மேனேஜர். அந்த ராகம்தானே உன்னைக் கொல்லப் பார்த்துச்சு."

"எடையைச் சரியாச் சொல்லுங்க, யார் வேணாம்னா? ராகத்தோட சொல்லுங்க. இல்லன்னா எனக்கு என்னவோ ஆஸ்பத்திரியில உக்காந்திருக்கற மாதிரி இருக்கு."

பிறகு பின்பக்கத்தில் இருந்து, முதலில் கூச்சமாகவும் அப்புறம் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரியும் வந்தது: "ரெண்டு கிலோ நூத்தித் தொண்ணூத்தி நாலு கிராமூ!"

ஐந்தாவது வேளையை மாலையில் வைத்துக்கொண்டோம். முன்பெல்லாம் கடையில் கூட்டம் மொய்க்கும் நேரம் அது. அவர் கை கழுவிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இது ஒண்ணு உனக்கு அதிகப்படிச் சுமை."

ஊருக்கெல்லாம் அள்ளிப் போட்ட மனுஷர் கல்லாவில் உட்கார்ந்திருந்த எனக்கு ஒரு எலுமிச்சம்பழம்கூட நீட்டியதில்லை. இப்போது தினம் அரை மணி நேரம் கூட வருகிறது, அதுவும் அவரே எதிரில் வந்து உட்கார்ந்து. என் கிழட்டுச் சவ்வுக்கு நான் மனசுக்குள் நன்றி சொல்லாத நாளில்லை. இதை அவரிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் தலையில் ஏறி உட்கார்ந்துவிடுவார்.

"இருக்கட்டும்ங்க, போயிட்டுப் போகுது" என்றேன். "ஜன்னலைச் சாத்துங்க. நேத்து அந்த மொத்த வியாபாரி கதையைப் பாதியில விட்டீங்க."